பழைய வீடு வாங்கும்முன் சுவர் விரிசலை அறிகுறி பார்த்துப் பிரிக்கும் வழி

முப்பது நாற்பது வருஷத்து வீட்டில் விரிசலே கண்ணில் படவில்லையென்றால், போன வாரம்தான் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். விரிசல் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. அந்தச் சுவர் இன்னும் நகர்கிறதா, எந்தப் பக்கம், எதனால் என்பதுதான் கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எவ்வளவு மோசமான விரிசலுக்கும் ஒரு தொகை போட்டு விலையில் கழித்துவிடலாம். தெரியாமல் வாங்கினால் முடிக்கனத்து விரிசல்கூட வருஷா வருஷம் பூசப் பூசத் திரும்ப வரும்.

இங்கே சொல்வதெல்லாம் நம்மூரில் 1960-களிலிருந்து 1990-கள் வரை கட்டிய தனி வீடுகளை மனதில் வைத்து: கான்கிரீட் தூண் கிடையாது, 9 இஞ்ச் செங்கல் சுவர்தான் பாரம் தாங்கும், கீழே கருங்கல் கடைக்கால் (அஸ்திவாரம்), மேலே கான்கிரீட் தளம். அதற்கும் முந்தைய, மரக்கட்டைமேல் செங்கல் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குச் சில விஷயங்கள் வேறு, அதைக் கடைசியில் பார்ப்போம்.

பார்க்கப் போகும்போது

டார்ச், டேப், தூக்குக்குண்டு, பென்சில், ஒரு ஏ.டி.எம். கார்டு போதும். கார்டின் கனம் முக்கால் மில்லிமீட்டர், விரிசலுக்குள் அது நுழைந்தால் அது தலைமுடி விரிசல் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத பட்டிக்கோடு, இப்படி அடித்தால் லேசாகப் புடைத்துக்கொண்டு தெரியும். பெயிண்டர் கை போகாத இடங்களில்தான் உண்மை இருக்கும்: பரண் உள்பக்கம், மாடிப்படிக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவே இருக்கும் இரண்டடி சந்தில் வெளிச்சுவர். சந்துக்குள் போகாமல் வீடு பார்த்தேன் என்று சொல்லவே கூடாது.

ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறும் விரிசல்

கவனிக்க வேண்டிய விரிசல்களில் இதுதான் முதல். செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு சாய்வாக, படிப்படியாக ஏறும். “அது வெறும் பூச்சு வெடிப்பு சார்” என்று வீட்டுக்காரர் சொல்வார். உண்மையா என்று பார்க்க வெளிப்பக்கம் போய் அதே உயரத்தில் தேடுங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் ஓடினால் செங்கல் வேலையே பிளந்திருக்கிறது. சந்தேகமிருந்தால் அனுமதி கேட்டு உள்ளங்கை அளவுக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துப் பார்த்துவிடலாம், கொத்தனாருக்குப் பத்து நிமிட வேலை. பூச்சில் மட்டும் வலைப்பின்னலாகக் கீறல் இருந்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் வந்தால் அது பூச்சுக் கோளாறுதான், விட்டுவிடுங்கள்.

பிளவு உண்மை என்றால் அடுத்து திசை. விரிசலின் நடுவிலிருந்து அதற்கு 90 டிகிரியில் கீழ்நோக்கி ஒரு கோடு போவதாக வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கோடு காட்டும் பக்கம்தான். விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் வீட்டின் மூலை இறங்குகிறது. கீழே அகலமாக இருந்தால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது. மண் உப்பித் தூக்கும் இடங்களில் இந்தக் கணக்கு ஏமாற்றும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

மூலை இறங்குகிறது என்று தெரிந்ததும் அந்த மூலைக்கு நேராகப் போய்க் கீழே பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? செப்டிக் டேங்க், சம்ப், உடைந்த சாக்கடைக் குழாய் ஏதாவது அங்கே இருக்கிறதா? 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்துக்கு, இருக்கிற கொஞ்சம் இடத்தில், கடைக்காலை ஒட்டியே குழி தோண்டிய வீடுகள் உண்டு. மழை பெய்யும் போதெல்லாம் தண்ணீர் நேராக அஸ்திவாரத்துக்கு அடியில் இறங்கினால் மணல் கலந்த மண் மெல்ல மெல்ல அரித்துப் போகும். காரணம் இது என்றால் நல்ல செய்திதான். தண்ணீரைத் திருப்பிவிட்டால் பெரும்பாலும் இறக்கம் நிற்கும்.

தண்ணீர் இல்லையென்றால் மண். கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டை பக்கமும் கோவையின் பல பகுதிகளிலும் கரிசல். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் அதில் அதிகம், தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டுக்கு நடுவே மண் ஈரம் ஓரளவு மாறாமல் இருக்க, வெளிவிளிம்பு மட்டும் வெயிலில் காய்ந்து இறங்கும். அதனால் சித்திரை வெயிலில் விரியும் விரிசல் ஐப்பசி மழைக்குப் பிறகு முக்கால்வாசி மூடிக்கொள்ளும். மார்கழியில் வீடு பார்க்கப் போனால் உங்களுக்குக் காட்டுவது அந்த மூடிய விரிசலைத்தான். கரிசல் ஊரில் வீடு வாங்குகிறவர் முடிந்தால் கோடையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட வேண்டும்.

மண் உப்புமா என்று தெரிந்துகொள்ளப் பெரிய செலவில்லை. காய்ந்து பொடித்துச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து ஒன்றைத் தண்ணீர் நிறைந்த அளவுக்குழாயிலும் மற்றதை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் இந்த மண் உப்பாது, அதனால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உப்பல். மண் பரிசோதனைக் கூடங்களில் இது வழக்கமான சோதனை. இதே மண்ணுக்காகத்தான் ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் விரித்த ‘அண்டர் ரீம்டு பைல்’ முறையைப் பரப்பியது. ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டிச் சுமார் மூன்றரை மீட்டர் ஆழத்தில் பைலை, அதாவது மண்ணுக்குள் இறங்கும் கான்கிரீட் தூணை, ஊன்றுவார்கள். பழைய வீட்டில் அது இருக்காது, நாலடிக் கருங்கல் கடைக்கால்தான் இருக்கும். சரி, என்ன செய்வது? மண்ணின் ஈரம் மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் வழி.

மரத்தையும் பாருங்கள். களிமண்ணில் நிற்கும் பெரிய வேம்பு கோடையில் சுற்றியிருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி அந்தப் பக்கத்து மூலையை இறக்கும். அதைவிட வில்லங்கம், வீட்டை விற்பதற்காக ‘சுத்தம் செய்து’ வெட்டிப் போட்ட மரம். வேர் உறிஞ்சுவது நின்றதும் மண் மறுபடி தண்ணீர் பிடித்து உப்ப ஆரம்பிக்கும், இறங்கிய மூலை இப்போது மேலே எழும். இந்த எழுச்சி முடிய வருஷக்கணக்காகலாம். புதிதாக வெட்டிய அடிக்கட்டை கண்ணில் பட்டால் எப்போது வெட்டினார்கள் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, ஏரி குளம் தூர்த்த மனை. சென்னை தி.நகர் பெரிதும் மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் உருவானது, அதற்காக அங்கே யாரும் பயப்படுவதில்லை. கொட்டிய மண் இந்த நூறு வருஷத்தில் தன்னாலேயே இறுகிவிட்டது. பதினைந்து வருஷத்துக்கு முன் லாரி மண் கொட்டி நிரவிய மனை அப்படியில்லை.

விரிசலின் வயசு

வீடு பார்க்கப் போகும் அன்றைக்கு மாதக்கணக்கில் காத்திருந்து அளக்க நேரம் கிடையாது, அதனால் விரிசலையே கேட்டுவிட வேண்டும். டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள். விளிம்புகள் மழுங்கி, உள்ளே அழுக்கும் சிலந்தி நூலும் அடைந்து, பழைய பச்சை டிஸ்டம்பர் உள்வரை இறங்கியிருந்தால், அந்தப் பச்சை அடிப்பதற்கு முன்பே பிளந்தது, பிறகு பெரிதாக மாறவில்லை. விளிம்பு கூர்மையாக, உள்ளே செங்கல் பளிச்சென்று சிவப்பாக இருந்தால் புதுசு. பச்சை, அதன்மேல் வெள்ளை, அதன்மேல் பட்டி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பிளந்திருந்தால் நிறுத்தாமல் நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அகலத்துக்கு, பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த அளவுகோலை இன்ஜினியர்கள் பயன்படுத்துகிறார்கள். 1 மி.மீ. வரை பெயிண்ட் வேலை. 5 மி.மீ. வரை அடைத்துப் பூசினால் தீரும். 5-லிருந்து 15 என்றால் கதவு ஜன்னல் பிடிக்க ஆரம்பிக்கும், சுவரைக் கொஞ்சம் பிரித்துக் கட்ட வேண்டிவரலாம். 15-லிருந்து 25 பெரிய வேலை. 25-ஐத் தாண்டினால் சுவர் நிற்குமா என்பதே கேள்வி. ஆனால் நகராத 6 மி.மீ. விரிசலைவிட நகரும் 2 மி.மீ. விரிசல்தான் என்னைக் கவலைப்படுத்தும்.

தளத்துக்கு அடியில் நேர்கோடாக ஓடும் கிடைவிரிசல்

மேல்மாடியில், சுவரும் மொட்டைமாடித் தளமும் சேரும் இடத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடும். பார்க்கப் பயமாக இருக்கும், பெரும்பாலும் அவ்வளவு ஆபத்தில்லை. தளம் வெயிலில் நீண்டு இரவில் சுருங்குகிறது, அடியில் உள்ள செங்கல் சுவர் அந்த அளவுக்கு நகர்வதில்லை, அதனால் இரண்டும் பிரிகின்றன. மேல்மாடி மூலைகளில் சாய்வு விரிசலும் இதே காரணத்தால் வரும். அஸ்திவார விரிசலோடு குழப்பிக்கொள்ளாமலிருக்க ஒரு வழி: அஸ்திவாரத்தால் வந்தது பேஸ்மட்டம் (தரைக்குக் கீழே உள்ள அடிச்சுவர்) வரை இறங்கித் தெரியும், வெயிலால் வந்தது தளத்தை ஒட்டியே நின்றுவிடும், தரைத்தளச் சுவரில் அதன் அடையாளமே இருக்காது.

இதற்குச் சிமெண்ட் வைத்து அடைத்தால் அடுத்த கோடையில் திரும்ப வரும். நெகிழும் சீலன்ட் வைத்து அடைத்து, மொட்டைமாடியில் தட்டோடு அல்லது வெள்ளை கூல் ரூஃப் பூச்சுப் போட்டுச் சூட்டைக் குறைப்பதுதான் வேலை.

செங்குத்து விரிசல்

எங்காவது கான்கிரீட் தூண் இருந்து, அதுவும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். இரண்டு பொருளும் வேறு வேறு அளவில் சுருங்குகின்றன, பூசும்போது கோழிவலை வைக்காமல் விட்டிருப்பார்கள்.

தரையிலிருந்து தளம் வரை ஒரே நேர்க்கோட்டில் வீட்டையே இரண்டாகப் பிரித்தால், பழைய வீட்டோடு பிற்பாடு ஒட்டிக் கட்டிய பகுதி அங்கே தொடங்குகிறது. பின்பக்க பாத்ரூம், போர்டிகோ, வாடகைக்கு விட்ட போர்ஷன், இதில் ஏதோ ஒன்று. அங்கீகரித்த பிளானை வாங்கி வீட்டோடு ஒப்பிட்டால் எது பிற்பாடு வந்தது என்று உடனே தெரிந்துவிடும், அனுமதியில்லாமல் கட்டியதும் சேர்ந்து மாட்டும். விரிசல் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமென்றால் புதுப் பகுதி நேராக இறங்கி நின்றிருக்கிறது, இணைப்பை அடைக்காமல் ஜாயிண்ட்டாகவே விட்டு மூடி போடலாம். மேலே அகலமானால் அந்தப் பகுதி வெளிப்பக்கம் சாய்கிறது.

சுவர் வயிறு தள்ளியிருந்தால்

கண்ணை நம்பாதீர்கள், தூக்குக்குண்டு போடுங்கள். மேலே ஒரு இரண்டு இஞ்ச் கட்டையைச் சுவரில் வைத்து நூலைத் தொங்கவிட்டு, குண்டு ஆடாமல் நின்றபின் மேல், நடு, கீழ் மூன்று இடத்திலும் நூலுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் மட்டும் குறைந்தால் வயிறு தள்ளல், மேலிருந்து கீழே ஒரே சீராக மாறினால் சாய்வு.

கணக்கு இதுதான்: சுவரின் பாரம் அதன் கனத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் இறங்கும் வரை செங்கல் முழுக்க அழுத்தத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் ஒரு பக்கம் இழுவிசை வரும், செங்கல் வேலைக்கு இழுவை ஆகாது. 9 இஞ்ச் சுவருக்கு இந்த எல்லை மையத்திலிருந்து ஒன்றரை இஞ்ச். தளத்தின் பாரம் எப்போதும் சரியாக நடுவில் உட்காராது என்பதால், ஒரு மாடி உயரத்தில் ஒரு இஞ்ச் தள்ளல் கண்டாலே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டி வந்துவிடுவது நல்லது.

கதவு சாத்தவில்லை, தரை இறங்கியிருக்கிறது

மழைக்காலத்தில் மரக்கதவு பிடித்தால் மரம் உப்பியிருக்கிறது, அவ்வளவுதான். நிலையின் இரண்டு குறுக்கு மூலைகளையும் டேப்பால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவானால் குறை கதவில், வித்தியாசமிருந்தால் நிலையே கோணியிருக்கிறது, சுவர் இழுத்திருக்கிறது. கதவுக்கு மேலே ஒரு பக்கம் கூராக முடியும் இடைவெளியும், அதை மறைக்க இழைத்த அடையாளமும் இருந்தால் இன்னும் உறுதி.

தரை நடுவில் குழிந்து, சுவரோரத்து ஸ்கர்ட்டிங்குக்குக் கீழே இடைவெளி விட்டிருந்தால் சுவருக்கு ஒன்றுமில்லை. பேஸ்மட்டத்துக்குள் கொட்டிய மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இறுக்கவில்லை. தரையைப் பெயர்த்து நிரப்பிப் போடும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

மெட்ராஸ் டெரஸ் வீடு

தேக்கு உத்திரக்கட்டைகள்மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். கட்டைகளின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். மழைநீரும் கரையானும் முதலில் பதம் பார்ப்பது அந்த முனையைத்தான். முனை போனால் தளம் இறங்கும், சுவரைப் பிடித்து வைக்க ஆளில்லாமல் சுவரும் வெளியே தள்ளும். ஸ்க்ரூடிரைவரால் முனையருகே குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் கெட்டுப்போயிருக்கிறது. இந்த வீடுகளின் விரிசலில் கெட்டியான சிமெண்ட் கலவை வைத்து அடைக்க விடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் மென்மையானது, சிமெண்ட் அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் புதிதாகப் பிளக்கும். பிற்பாடு மேலே ஒரு மாடி எடுத்திருந்தால், கீழ்ச்சுவர் அதற்கேற்றதா என்று இன்ஜினியர் எழுத்தில் சொல்லாமல் தொட வேண்டாம்.

அட்வான்ஸ் கொடுத்த பிறகு

அக்ரிமெண்ட் போட்டால் பத்திரத்துக்கு வழக்கமாக மூன்று மாதம் போல அவகாசம் இருக்கும். அந்த நாளை வீணாக்காதீர்கள். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அகலமான இடத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து இடைவெளியை வெர்னியர் காலிப்பரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பட்டையைக் குறுக்கே அரால்டைட்டால் ஒட்டி வைப்பதும் பழைய முறை, சுவர் அசைந்தால் உடையும். ஆனால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. அதனால் ஆணிதான் எனக்குப் பிடிக்கும். அக்ரிமெண்ட்டிலேயே ‘கட்டட ஆய்வில் அஸ்திவாரக் குறை தெரிந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்’ என்று வக்கீலை வைத்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

பேங்க் அனுப்பும் வேல்யூவர் பார்த்தாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். அவர் கடனுக்கு ஈடாக வீடு பெறுமா என்று பார்க்க வருகிறவர், சந்துக்குள் நுழைய மாட்டார். விரிசல் ரிப்பேர் செய்து கொடுக்கும் கான்ட்ராக்டரிடம் கருத்துக் கேட்பதும் வேண்டாம், விரிசலுக்குள் ஏற்ற அவர் விற்கும் ஊசிக்கலவைதான் அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்தாகத் தெரியும். கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு அறிக்கை கொடுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி இடங்களின் சிவில் துறைகளும் கன்சல்டன்ஸியாக இதைச் செய்கின்றன.

ரிப்பேர் வரிசையும் முக்கியம். முதலில் தண்ணீர்: குழாயைத் திருப்பி, கசிவை அடைத்து, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிச்சாய்வாகக் கான்கிரீட் நடைபாதை போடுங்கள். கரிசலில் ஈரம் மாறாமல் காப்பதும் இதுதான். பிறகு ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். நின்றுவிட்டது என்று அளவு சொன்னபிறகு இணைப்புகளில் துருப்பிடிக்காத கம்பி வைத்துத் தைத்துப் பூசுங்கள். நிற்கவில்லையென்றால்தான் அண்டர்பின்னிங், அதாவது பழைய கடைக்காலுக்கு அடியில் மூன்று நாலடி நீளமாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டிப் புது அஸ்திவாரம் கொடுப்பது. முழு நீளத்துக்கும் ஒரேயடியாகத் தோண்டுகிறேன் என்று எந்த மேஸ்திரி சொன்னாலும் அவரை வேலைக்கு வைக்காதீர்கள், சுவர் உட்கார்ந்துவிடும்.

விலை பேசும்போது இன்ஜினியர் அறிக்கையையும் இரண்டு கொட்டேஷனையும் மேஜைமேல் வையுங்கள். தண்ணீரால் வந்த விரிசல், தரை இறக்கம், தளத்தடிக் கோடு இதெல்லாம் கழித்துக்கொண்டு வாங்கலாம். கரிசலில் வருஷா வருஷம் மூடித் திறக்கும் விரிசல் என்றால் நடைபாதைச் செலவோடு அண்டர்பின்னிங் செலவையும் சேர்த்துக் கழித்துக் கேளுங்கள், வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பக்கத்து மனையில் அடித்தளப் பார்க்கிங்குக்கு ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தால் அந்த வேலை தரைமட்டத்துக்கு மேலே வரும்வரை பத்திரம் போட வேண்டாம். தூக்குக்குண்டு போடவே விடாத வீட்டுக்காரரிடம் விலை பேச உட்காரவே வேண்டாம்.